சம்பந்தி வீட்டு விருந்தும் ஒரு சின்னச் சட்டியும்

என் தம்பி கட்டியிருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பெண்ணை. அவள் பிறந்த வீடு மேக்கன் பக்கம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற கறுப்பினக் குடும்பம். நாங்கள் அட்லாண்டாவுக்கு வெளியே இருக்கிறோம், நெரிசல் இல்லாவிட்டால் காரில் ஒன்றரை மணி நேரம். அதனால் வருடா வருடம் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றிநாள் விருந்துச் சாப்பாடு எங்களுக்குச் சம்பந்தி வீட்டில்தான். இப்போது தெரிந்தவர்கள் சிலர், "அமெரிக்கத் தெற்கத்தி வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன எடுத்துப் போகலாம், அம்மா சைவம், அவருக்கு என்ன செய்வது" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு இது எல்லாம் அசிங்கப்பட்டுத் தெரிந்துகொண்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நேரம். தம்பி "டின்னர்" என்று சொன்னான், நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேருவது போல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நல்லவேளை, காலையில் ஏதோ கேட்கக் கூப்பிட்டபோது விஷயம் வெளியே வந்தது. தெற்கே பழைய ஆட்கள் டின்னர் என்று சொல்வது மத்தியானச் சாப்பாட்டை, ராத்திரிச் சாப்பாடு அவர்களுக்கு சப்பர். இரண்டு மணிக்கு இலை போடுகிற வீட்டுக்கு ஆறு மணிக்குப் போய் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அழைப்பு வந்ததும் மணி என்ன என்று எண்ணாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த முதல் வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கோவில்பட்டி, பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் கிடையாது. மேஜையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நடுவில் வான்கோழி, ஓரத்தில் ஒரு பன்றித் தொடை, மற்றபடி பார்த்த இடமெல்லாம் காய்கறி மாதிரிதான் தெரிந்தது. கருகருவென்று வெந்த கொலார்ட் கீரை, பச்சை பீன்ஸ், பாகு ஊற்றிய சீனிக்கிழங்கு, மக்கரோனியில் சீஸ் சேர்த்துச் செய்யும் மேக் அண்ட் சீஸ், உருளைக்கிழங்கு சாலட், சோள ரொட்டியை உதிர்த்துச் செய்யும் டிரெஸ்ஸிங் மஞ்சளாக ஒரு தட்டு நிறைய. இத்தனை இருக்கும்போது அம்மாவுக்கு என்ன குறை என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டு வைப்போமே என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மாவிடம் "இந்தக் கீரையில் கறி இருக்கிறதா" என்று கேட்டேன். "இல்லை ஹனி, வெறும் கீரைதான்" என்றார். அம்மா இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, ரொட்டியால் தொட்டு, மூன்றாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு எங்கள் வீட்டுக்காரர் பாத்திரத்தின் அடியில் கரண்டி விட்டபோது எலும்பு வந்தது. புகைபோட்ட வான்கோழிக் கழுத்து.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. காரில் திரும்பி வரும்போது பாதி வழி வரைக்கும் பேச்சே இல்லை, அப்புறம் அவராகவே சொன்னார்: "ஏட்டி, கீரை நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பெரியம்மா பொய் சொல்லவில்லை, அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவர்கள் கணக்கில் கறி என்றால் தட்டில் துண்டாக வந்து விழுவது. கீரையில் கிடக்கும் கழுத்தெலும்பு, பீன்ஸில் போட்ட பன்றிக் கொழுப்பு இவையெல்லாம் ருசிக்குப் போடுவது, நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி. நம்ம ஊரிலும் "கருவாட்டுக் குழம்புதான், நீங்க கத்தரிக்காயை மட்டும் எடுத்துக்கோங்க" என்று சைவக்காரர்களிடம் வாய் கூசாமல் சொல்கிறவர்கள் உண்டே. அதனால் "கறி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "எதைப் போட்டு வேக வைத்தீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள், எந்தக் கொழுப்பு தடவினீர்கள்" என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கும் மறைக்காமல் பதில் வரும். சமைத்தவருக்கு அதைச் சொல்லுவதில் பெருமையும் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு எங்கே எங்கே கால் இடறும் என்று சொல்லிவிடுகிறேன். டிரெஸ்ஸிங் பார்க்க உப்புமா மாதிரி அப்பாவியாக இருக்கும், ஆனால் அதில் ஊற்றுவது கோழி வேகவைத்த சாறு, சில வீடுகளில் வான்கோழியின் ஈரல், இரைப்பை எல்லாம் பொடியாக நறுக்கி உள்ளேயே போட்டிருப்பார்கள். கிரேவியில் கறிச் சாறு நிச்சயம். கார்ன்பிரெட் என்கிற சோள ரொட்டி சுடும் சட்டியில் தடவுவது பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், மாவில் முட்டையும் உண்டு. சீனிக்கிழங்கின் மேல் வெள்ளையாக உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது மாடு அல்லது பன்றியின் தோல் எலும்பிலிருந்து வருவது. பை (pie) என்கிற இனிப்புப் பண்டத்தின் ஓட்டுமாவில் லார்ட் என்கிற பன்றிநெய் இருக்கலாம், உள்ளே பெரும்பாலும் முட்டையும் இருக்கும். மேக் அண்ட் சீஸில் கறி இல்லாவிட்டாலும் அங்கே அதை முட்டையும் பாலும் ஊற்றி, வெட்டினால் துண்டாக நிற்கிற மாதிரி ஓவனில் வைத்து எடுப்பார்கள். (அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மேக் அண்ட் சீஸ் காய்கறி வரிசையில் எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், இப்போது பழகிவிட்டது.) ஆகக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது டப்பாவிலிருந்து எடுத்த கிரான்பெரி ஜெல்லி. டப்பாவின் வளையத் தடம் அப்படியே பதிந்திருக்கும், அதைத்தான் வட்டம் வட்டமாக வெட்டி வைப்பார்கள். அந்தத் தடம் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

சரி, இப்போது என் அசிங்கத்துக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நானாகவே ஒரு முடிவு எடுத்து மேக் அண்ட் சீஸ் செய்து எடுத்துப் போனேன். பச்சை மிளகாய், கொஞ்சம் கரம் மசாலா, மேலே கடுகு கறிவேப்பிலை தாளிப்பு. என் அலுவலகத்தில் எல்லாரும் அள்ளித் தின்ற அயிட்டம். உள்ளே நுழைந்து ஃபாயிலைத் திறந்ததும் கூடத்தில் ஒரு சின்ன அமைதி. ஒரு பெண் "யார் மேக் அண்ட் சீஸ் செய்தது" என்று கேட்டாள், கேட்ட தொனியிலேயே ஏதோ தப்பு என்று தெரிந்தது. தம்பி மனைவியின் அத்தை ஒருத்தர், எழுபதை ஒட்டிய வயது, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, "பிளஸ் யுவர் ஹார்ட்" என்றார். நம்ம ஊரில் "பரவாயில்லையே, நீயேவா செஞ்ச?" என்று கேட்பார்களே, அதே குரல், அதே அர்த்தம். தட்டு முக்கால்வாசி அப்படியே வீடு திரும்பியது.

அந்த வீட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக மேக் அண்ட் சீஸ் அந்த அத்தையுடையது என்று தம்பி மனைவி பிறகு சொன்னாள். உருளைக்கிழங்கு சாலட் இன்னொருத்தருடையது. சீனிக்கிழங்கு பை சம்பந்தியம்மாவுடையது, பூசணிக்காய் பை அந்த வீட்டுக்குள் வராது. ஒருவர் கையை விட்டு ஒரு பண்டம் இன்னொருவர் கைக்குப் போவது என்றால் மூத்தவர் முடியாமல் படுக்க வேண்டும், இல்லை அவரே கூப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும். யோசித்துப் பாருங்கள், எங்கள் ஆச்சி உயிரோடு இருந்த வரைக்கும் பொங்கலன்று அவியலுக்கு வேறு யாரும் தேங்காய் அரைத்ததில்லை. புதிதாக வந்த ஒரு மருமகள் அன்றைக்கு அவியலில் சீஸ் போட்டு எடுத்துவந்தால் ஆச்சி என்ன சொல்லியிருப்பார்? பிளஸ் யுவர் ஹார்ட் எவ்வளவோ தேவலை.

ஆகவே "என்ன கொண்டு வரட்டும்" என்று கேட்டாலும் பிரயோசனமில்லை, "ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும்" என்றுதான் சொல்வார்கள். ஐஸ் எவ்வளவு வேண்டும், பேப்பர் தட்டு இருக்கிறதா, ஸ்வீட் டீக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வரவா என்று குறிப்பாகக் கேளுங்கள், உடனே ஆமாம் என்பார்கள். சமைத்துத்தான் ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் யாருடைய பண்டத்தோடும் மோதாததைக் கொண்டுபோங்கள். நான் இப்போது ஒரு பெரிய டப்பா முறுக்கு கொண்டுபோகிறேன். ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதியைக் காலி செய்துவிடுகிறார்கள்.

அப்புறம் மூன்றாவது வருடம்தான் எனக்குப் புத்தி வந்து, சம்பந்தியம்மாவிடம் ஃபோனில் "புதன்கிழமையே வரட்டுமா, வெங்காயம் நறுக்கித் தருகிறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. "வா பேபி" என்றார். விருந்தன்று சமையலறைக்குள் யாரையும் விட மாட்டார், முந்தின நாள் மட்டும்தான் கதவு திறந்திருக்கும். தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

நான் போனபோது கார்ன்பிரெட் ஏற்கெனவே செவ்வாய்க்கிழமையே சுட்டு வைத்திருந்தார், டிரெஸ்ஸிங்குக்கு அது காய்ந்திருக்க வேண்டும். எனக்குக் காட்டுவதற்காக இன்னொன்று சுட்டார். இரும்புச் சட்டி ஒன்று, அவருடைய அம்மாவினுடையது, நம் தோசைக்கல் மாதிரியே எண்ணெய் தடவித் தடவிப் பழக்கி எடுத்தது, சோப்புப் போட்டு ஊறவைத்தால் கொலை விழும். அந்தச் சட்டியை எண்ணெயோடு 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் முதலில் காய வைத்துவிட வேண்டும். ஈஸ்ட்டோ ஒன்றோ தேவையில்லை, செல்ஃப் ரைசிங் சோளமாவு என்று உப்பும் பேக்கிங் பவுடரும் கலந்தே விற்கிறார்கள். இரண்டு கப் மாவுக்கு ஒன்றரை கப் மோர், ஒரு முட்டை, கால் கப் எண்ணெய். மோர் என்றால் கடையில் விற்கிற கெட்டியான பட்டர்மில்க், நம் நீர்மோர் இல்லை. மாவை ஊற்றும்போது "சொய்ங்" என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் சட்டி காயவில்லை, அடி மொறுமொறுப்பாக வராது. இருபது, இருபத்தைந்து நிமிடம். நான் "சர்க்கரை எவ்வளவு" என்று கேட்டேன். "சர்க்கரை போட்டால் அது கேக்" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிரெஸ்ஸிங்குக்கு அந்த ரொட்டியை உதிர்த்து, காய்ந்த வெள்ளை ரொட்டி நாலு துண்டைச் சேர்த்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும் போட்டு, சேஜ் என்கிற காய்ந்த இலைப்பொடி தூவி, சாறு ஊற்றிப் பிசைகிறார். வான்கோழி வயிற்றுக்குள் அடைத்து வேகவைப்பதை வேறு இடங்களில் ஸ்டஃபிங் என்பார்கள், இது தனித் தட்டில் வேகிறது, இந்த வீட்டில் ஸ்டஃபிங் என்று வாய் தவறிச் சொன்னாலும் திருத்துவார்கள். நான் பார்த்த வரை புதிதாகச் செய்கிறவர்கள் கெட்டுப்போகிற இடம் இரண்டு. ஒன்று சேஜ், ஒரு சிட்டிகை கூடினாலும் சித்த வைத்தியக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று தண்ணீர்ப் பதம், ஓவனுக்குள் போகும்போது சுடச்சுட இறக்கிய வெண்பொங்கல் மாதிரி தளதளவென்று இருக்க வேண்டும், "இவ்வளவு நீர்க்கவா" என்று பயந்து நிறுத்தினால் வெளியே வரும்போது மரத்தூள். முட்டையைக் கடைசியில்தான் உடைத்து ஊற்றுகிறார், அதற்கு முன்னால் விரலால் எடுத்து ருசி பார்த்து உப்பைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதற்காக. இதை எந்தக் குறிப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கீரையை மூன்று தண்ணீரில் அலச வைத்தார். கொலார்ட் முட்டைகோஸ் குடும்பம், ஆனால் உருண்டையாகாமல் விசிறி மாதிரி விரிகிற இலை, மடிப்பெல்லாம் மணல். நடுத்தண்டை உருவி எடுத்துவிட்டு, இலைகளை அடுக்கிச் சுருட்டி நறுக்குவது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். நம் கணக்குக்கு அது கீரையே இல்லை, ஆனால் அந்தத் தண்ணீர் இருக்கிறதே, பாட் லிக்கர் என்பார்கள், கீரைச் சத்தெல்லாம் இறங்கிக் கறுத்திருக்கும். அடிமைக் காலத்தில் எஜமான் வீட்டுக்குக் கீரை போக, அந்தச் சாறு சமைத்தவர்களுக்கு மிஞ்சியது என்று சம்பந்தியம்மா சட்டியைக் கிண்டிக்கொண்டே சொன்னார். "அவர்கள் நல்லதைக் கொட்டிவிட்டுப் போனார்கள்" என்று சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் முதல் வருடக் கழுத்தெலும்புக் கதையை அவரிடம் சொன்னேன், இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உன் அம்மா என் வீட்டில் மேஜையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனாரா? நீ என்னிடம் சொல்லவில்லையா?" நான் மரியாதை என்று நினைத்தது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எது ஆகாது என்பதை இரண்டு வாரம் முன்னாலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். விருந்து கொடுக்கிறவருக்கு, சாப்பிடாமல் போன விருந்தாளியைவிடப் பெரிய குறை இல்லை, இது கோவில்பட்டிக்கும் மேக்கனுக்கும் பொது.

அன்றைக்கே அம்மாவுக்கென்று கறி போடாத கீரைக்கு ஒரு சின்னச் சட்டியை எடுத்தார். வெங்காயம், பூண்டு, எண்ணெய், காய்ந்த மிளகாய்த் தூள், புகை வாசத்துக்கு ஸ்மோக்டு பாப்ரிகா என்கிற புகைபோட்ட மிளகாய்ப்பொடி, கடைசியில் கொஞ்சம் வினிகர். புகைபோட்ட கறி தருகிற வாசத்தில் முக்கால்வாசி பாப்ரிகாவிலேயே வந்துவிட்டது. மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரால் "மிஸ்" போட்டு அம்மா பெயரை எழுதினார். அங்கே பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பெயருக்கு முன் மிஸ் சேர்ப்பார்கள், கல்யாணமானவரா ஆகாதவரா என்ற கேள்வி இல்லை. அம்மாவும் அவரைப் பெயர் சொன்னதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி "மதினி" என்றே கூப்பிடுவார், அவரும் அது தன்னுடைய பெயர்தான் என்பது போலத் திரும்பிப் பார்ப்பார்.

வான்கோழியைப் பற்றி இரண்டே வரி. உறைந்த பறவை என்றால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஃப்ரிட்ஜில் இளக வேண்டும், பதினாறு பவுண்டுக்கு நாலு நாள், அதாவது ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை இறக்கிவிட்டு வியாழன் காலையில் வயிற்றுக்குள் கைவிட்டு ஐஸ்கட்டியைத் தடவியவள் சொல்கிறேன். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் குத்துங்கள், தொடையின் தடித்த இடத்தில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்.

சாப்பிடும் முன் எல்லாரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். பிரார்த்தனை நீளமாகவே இருக்கும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வாய் எதையாவது கொடுத்துவிடுங்கள். முதல் தட்டு வயதில் மூத்தவருக்கு. எழுந்து கிளம்பும்போது ஆளுக்கொரு தட்டு கட்டித் தருவார்கள், வேண்டாம் என்று நாலு முறை சொல்லுகிற நம் பழக்கத்தை அங்கே எடுக்காதீர்கள், ஒரு முறை சொன்னாலே நிஜம் என்று நம்பிவிடுவார்கள். சொந்த டப்பா கொண்டுபோனால் அவருடைய நல்ல பாத்திரம் நம் வீட்டில் தங்காது. தங்கிவிட்டால் காலியாகத் திருப்பித் தராதீர்கள், இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வருடம் அம்மா ஜனவரி வரைக்கும் இருந்தார். புத்தாண்டன்று தெற்கே தட்டப்பயறும் கீரையும் கார்ன்பிரெட்டும் சாப்பிட வேண்டும், பயறு சில்லறைக் காசு, கீரை நோட்டு, ரொட்டி தங்கம். சம்பந்தி வீட்டில் முந்தின ராத்திரி சர்ச்சில் கண்விழிப்பும் உண்டு. 1862 டிசம்பர் 31 இரவு, மறுநாள் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வரப்போகிறது என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நினைவாக. தட்டப்பயறு ஆப்பிரிக்காவில் பயிராகி, பழங்காலத்திலேயே நம் பக்கம் வந்துவிட்டது, அவர்கள் பக்கத்துக்கு அடிமைக் கப்பல்களின் காலத்தில் போனது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சட்டியில் ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மதினி, இது நம்ம தட்டப்பயறுல்லா" என்று கை நிறைய அள்ளிக் காட்டினார். பாதியை எடுத்துக் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தார். மேக் அண்ட் சீஸ் அத்தை அதை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார், பிளஸ் யுவர் ஹார்ட் வரவில்லை.

போன நவம்பரில் அம்மா வரவில்லை, முழங்கால் வலி, அவ்வளவு தூர விமானம் முடியாது என்றுவிட்டார். நாங்கள் போனபோது சின்னச் சட்டி அதே இடத்தில் இருந்தது. சம்பந்தியம்மாவின் தங்கைக்கு ரத்தக் கொதிப்பு, மருத்துவர் உப்புக்கண்டம் போட்ட கறியெல்லாம் கூடாது என்றுவிட்டாராம், அவர் அதிலிருந்துதான் சாப்பிடுகிறார், என் மகளும் இப்போது கறி சாப்பிடுவதில்லை. மூடியில் டேப் புதிது. பெயரை மட்டும் மாற்றவில்லை.